எல்பே திருப்பித் தந்த சாடி

கிட்ட வாங்கோ குஞ்சுகள், ஆத்தங்கரைக் கதை ஒண்டு சொல்லுறன்.

எண்பத்தாறாம் ஆண்டு ஹம்பேர்க்கில், ஊரை விட்டு அகதியாய்ப் போன குடும்பத்துப் பிள்ளை தர்மினியின் வகுப்பை எல்பே ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். கழிமுகத்தை அழுக்காக்கக்கூடாது என்று படிப்பிக்கத்தான். சேற்றில் கிடந்த மண்சாடி ஒன்றை ஆசிரியை தூக்கினா. வாயில் சிவப்புத் துணி கட்டி, உள்ளே எள்ளும் வாடின பூவும் இருந்தன.

"இப்படித்தான் ஆறு சாகுது. ஆர் போட்டது?"

தர்மினிக்குத் தெரியும். ஊரில் சுட்டுக்கொல்லப்பட்ட சித்தப்பாவின் சாம்பல்கூடக் கிடைக்காததால், அவரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அவளின் தகப்பன் விமலநாதன் கடலில் சேரட்டும் என்று ஆற்றில் விட்ட சாடி அது. கடல் பெருகி ஏறும் நேரத்தில் இந்த ஆறு பின்னுக்கும் ஓடும் என்று அந்த மனுசனுக்கு ஆர் சொன்னது?

"எங்கட வீட்டார்," என்றாள்.

"குப்பைக்காரி!" என்றான் ஒரு பெடியன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் அக்கரைத் தொழிற்சாலைக் குழாயைக் காட்டினாள். மஞ்சள் நுரை கொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப அது?"

"அதுக்கு அனுமதி இருக்கு, பிள்ளை," என்றா ஆசிரியை.

சாடி குப்பைப் பைக்குள் போனது.

வீட்டில் தகப்பன் கேட்டார்: "ஆத்துக்கோ போனனீங்கள்? சித்தப்பா இப்ப கடலில சேர்ந்திருப்பார், என்ன?"

"ஓம் அப்பா. சேர்ந்திருப்பார்."

உங்கட வீட்டுப் பிள்ளையளுக்கு இப்படிப் பொய் சொல்லுற நாள் வராமல், நல்லாயிருங்கோ என்ர செல்லங்கள்.