மூன்று படகுகளும் ஒரு மெஷினும்

துறைமுகத்துச் சங்கு அலறிய அலறலில் கூட்ட அறையின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பேச்சு நின்றது. போனைக் கீழே வைத்த துறைமுக இயக்குநரின் முகம் வெளுத்திருந்தது.

“காத்து மாறிடுச்சு. கடல்ல கொட்டின எண்ணெய் நேரா குடிநீர் ஆலைப் பக்கம் வருது. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள நிறுத்தலைன்னா ஆலையை மூடணும். ஊர் முழுக்கத் தண்ணி கிடையாது.”

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையை விட்டால் ஊருக்கு வேறு கதியில்லை. மணி அப்போது பத்தரை.

ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு பெரிய வெளிநாட்டுக் கப்பல் தெரிந்தது. மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பதற்கென்றே கட்டியது. துறைமுக எல்லைக்கு வெளியே இரண்டு நாளாகச் சும்மா நங்கூரம் போட்டு நின்றது. உள்ளே வர விடாமல் தடுத்தது சட்டம். நம் கடலில் ஏற்றி நம் துறைமுகத்தில் இறக்கும் எதுவும் நம் நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில்தான் வர வேண்டும். அள்ளிய எண்ணெயும் சரக்குதான். அந்தச் சட்டத்தைத் தளர்த்த இயக்குநருக்கு அதிகாரம் உண்டு; ஆனால் உள்ளூரில் அந்த வேலைக்குப் படகே இல்லை என்றால் மட்டும்.

பதிவேட்டிலோ மூன்று படகுகள் இருந்தன.

“மூணு இருக்கும்போது அவன் எதுக்கு சார்?” படகு உரிமையாளர் சங்கத் தலைவர் மேசையைத் தட்டினார். “இன்னிக்கு எண்ணெய் அள்ளுவான். நாளைக்கு சிமென்ட் ஏத்துவான். நாங்க கரையில உக்காந்து ஈ ஓட்டணுமா?”

“அப்ப ரெண்டு நாளா உங்க படகு ஏங்க கிளம்பலை?” என்றார் இயக்குநர்.

“அலை ஜாஸ்தி சார். இப்பதான் அடங்கியிருக்கு.”

தலைவர் பேச்சில் நியாயமும் இருந்தது. முன்பொரு முறை ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சட்டத்தைத் தளர்த்தியது இரண்டு வருடம் நீண்டு, பாதிப் படகுகள் பழைய இரும்புக்குப் போயின.

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த சுக்கானுக்கு வியர்த்துக் கொட்டியது. சுக்கான் என்பது துறைமுகம் வைத்த பட்டப்பெயர். அந்த மூன்று படகுகளில் ஒன்று தலைவருடையது, ஒன்று அவனுடையது, மூன்றாவது அவன் மனைவியின் தம்பியுடையது. மூன்றுக்கும் சேர்த்து எண்ணெய் உறிஞ்சும் மெஷின் ஒன்றே ஒன்று. எந்தப் படகுக்குப் பரிசோதனையோ அதில் மெஷின் ஏறும். கையெழுத்தானதும் கிரேனில் தொங்கி அடுத்த படகுக்குப் போகும். மூன்றையும் ஒரே நாளில் யாராவது கூப்பிடுவார்கள் என்று மூவருமே நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு மெஷினும் இப்போது பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

“மாமா, வாயைத் திறந்துடாதீங்க,” மைத்துனன் காதோரம் கிசுகிசுத்தான். “மூணு பேர் லைசென்ஸும் போயிடும்.”

“மாப்ள, ஊருக்கே தண்ணி போயிடும்டா.”

“தலைவர் சமாளிப்பார், விடுங்க.”

சுக்கானின் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவன் மனைவி.

“ஏங்க, இங்க சிறுநீரக வார்டுல தண்ணி நின்னா டயாலிசிஸ் நின்னுடும்னு எல்லாரும் பயந்து கிடக்காங்க. என் வீட்டுக்காரர் படகு இருக்கு, அவர் பார்த்துப்பார்னு தைரியம் சொல்லிட்டேன். கிளம்பிட்டீங்கதானே?”

அவன் போனைப் பைக்குள் போட்டான்.

“சரி, மூணு படகும் பதினொன்றரைக்குக் கிளம்பட்டும்,” என்றார் இயக்குநர்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “ஆள் திரட்டணும், டீசல் போடணும்... சாயங்காலம் ஆயிடுமே சார்.”

“அதுவரைக்கும் எண்ணெய் உங்களுக்காக வழியில நின்னு இளைப்பாறுமா?”

சுக்கான் எழுந்துவிட்டான். “சார், மூணு படகுக்கும் சேர்த்து ஒரே மெஷின்தான். அதுவும் பட்டறையில பிரிச்சுக் கிடக்கு. அந்தக் கப்பலை உள்ள விடுங்க.”

“உளறாதய்யா!” தலைவர் சீறினார். மைத்துனன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

“தலைவரே, போன தடவை தேதி போடாம விட்டதுதான் நம்ம தப்பு. இப்ப பத்தே நாள்னு எழுதி வாங்குவோம். எண்ணெய் பரவாம மறிக்கிற மிதவைத் தடுப்பு இழுக்கிற வேலை நமக்குன்னும் எழுதச் சொல்வோம்.”

தலைவர் ஜன்னல் வழியே அந்தக் கப்பலைப் பார்த்தார். பிறகு, “பத்து நாள். ஒரு நாள் கூடக் கூடாது,” என்று முனகினார்.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். இரண்டு நாளாகக் கையெழுத்துக்குக் காத்திருந்த கோப்பைத் திறந்து, பத்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“லைசென்ஸ் விசாரணை கட்டாயம் உண்டு. இப்ப தடுப்பை இழுங்க. அதுக்கு இன்ஜினாவது தனித்தனியா இருக்கா?”

“அது மூணு இருக்கு சார்!” என்றான் மைத்துனன்.

ஒன்றே முக்காலுக்கு அந்தக் கப்பல் தன் இரண்டு நீளக் கைகளையும் விரித்து எண்ணெயை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. மூன்று படகுகளும் இழுத்துப் பிடித்த தடுப்பில் மோதிய கறுப்புப் படலம் ஆலைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. “ஆலை ஓடுது! மூட வேண்டாம்!” என்று வயர்லெஸ்ஸில் குரல் வந்ததும் பக்கத்துப் படகில் தலைவரே துண்டைச் சுழற்றினார். சுக்கானுக்கு உடம்பு காற்றாக லேசாகிவிட்டது. லைசென்ஸ் போனாலும் போகட்டும், இனி அந்த மெஷினை ராத்திரி கனவில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

அவன் படகில் மேற்பார்வைக்கு வந்திருந்த பெண் பரிசோதகர் காலைக் கூட்டத்திலும் கடைசி நாற்காலியில் இருந்தார். படகுகளுக்கு வருடா வருடம் சான்று எழுதுபவர் அவர்தான்.

“என்ன மேடம், லைசென்ஸை இங்கயே பிடுங்கிடுவீங்களா?” சுக்கான் சிரித்தபடி கேட்டான்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: “கூட்டத்துல உங்களுக்கு முன்னாடி நான் எழுந்து சொல்லியிருக்கணும்ண்ணே. நாலு வருஷமா மூணு படகுக்கும் ஒரே மெஷின் நம்பரைத்தான் என் கையால எழுதிட்டு வரேன்.”