நாலு மடிப்பு வெளிச்சம்

என் வேலை ஓட்டை பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், துவைத்துக் காய்ந்து வரும் படுக்கைவிரிப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேஜைமேல் விரிப்பேன். மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும். துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். தைக்க வேண்டியதைத் தைப்பேன், தேறாததைக் கழிப்பேன். பதினொரு வருடமாக இதே மேஜை. என் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் எப்படி அடங்கியது என்பதுதான் கதை.

மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை எனக்கு ஷிப்ட். நானே கேட்டு வாங்கியது. ஏனென்றால் காலையில் நான் பள்ளிக்கூடம் போகிறேன், முப்பத்தொன்பது வயதில். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட கணக்குப் பரீட்சையை எழுதி முடித்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போடலாம். அதைவிட, இத்தனை வருடமாக நெஞ்சில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடலாம். பெரியவர்களுக்கான வகுப்பு ஊரின் அந்தக் கோடியில், காலையில் மட்டும்தான். வகுப்பு முடிந்ததும் அங்கிருந்தே நேராக வேலைக்கு. பகல் ஷிப்ட்டுக்கு மாறினால் வகுப்பு போச்சு. வகுப்பு போனால் பரீட்சையும் போச்சு.

இரவில் என்னை ஸ்கூட்டரில் வீட்டில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்த தோழிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மிச்சம் இருந்தது சைக்கிள்தான். பெரிய சாலையில் அந்த நேரத்தில் லாரிகள் பேய்த்தனமாகப் பறக்கும். அதனால் வாய்க்கால் கரைப் பாதை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. குண்டும் குழியுமான பாதையில் மூன்றாம் நாள் இரவே முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. நான் சைக்கிளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

முழங்காலில் தோல் உரிந்து, கைப்பிடியில் பாதி உடைந்த மணி தொங்க வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கொத்தனார். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பீச்சாங்கை மேஸ்திரி. கரண்டியை இடதுகையில்தான் பிடிப்பார். பேச்சுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். காயத்தைக் கழுவி மருந்து போட்டு முடித்தார்.

"பகல் ஷிப்ட்டுக்கு மாறுற படிவம் ஒண்ணு கொண்டாந்தியே, எங்க அது?" என்றார் கடைசியில்.

"அலமாரியில. எதுக்கு?"

"இன்னொரு தடவை விழுந்தா அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. பரீட்சை எங்கயும் ஓடிடாது. கால் போனா வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபத்து மூணு வருஷம் ஓடின பரீட்சைங்க அது. இப்பதான் கைக்கு எட்டியிருக்கு. ஒரு நல்ல லைட்டு வாங்கி மாட்டுனா ஏன் விழப்போறேன்?"

"ம்" என்றார். அவருடைய அகராதியில் பாதிப் பக்கம் அந்த ஒரு சொல்தான். மறுநாளிலிருந்து, வேலை தூரம் என்று சொல்லிக்கொண்டு விடியுமுன்னே, காபிகூடக் குடிக்காமல் கிளம்பத் தொடங்கினார். முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் முறைப்பாகவே இருந்தேன்.

சைக்கிள் கடைக்குப் போகும்போது பையில் ஒரு கழித்த தலையணை உறையை எடுத்துப்போனேன். கடைக்காரர் மூன்று விளக்குகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று என் ஒரு மாதச் சம்பளத்தைச் சாப்பிட்டுவிடும். அதைத் தொடக்கூட இல்லை. மற்ற இரண்டும் கைக்கு அடக்கம். ஒன்று வட்டமாய் நீண்டது, இன்னொன்று அகல வாய் வைத்துத் தட்டையாய் இருந்தது. தட்டை கொஞ்சம் மலிவு.

"பெட்டியில வெளிச்சம் ஆயிரம், ரெண்டாயிரம்னு நம்பர் போட்டிருக்கே, அத நம்பலாமா?" என்று கேட்டேன்.

"போட்டவனுக்கே தெரியாது அக்கா."

"அப்ப நானே பாத்துக்கறேன்" என்று தலையணை உறையை எடுத்து மடித்து, விளக்கின் வாயில் வைத்து அழுத்தினேன். தட்டை விளக்கு இரண்டு மடிப்பைத் தாண்டவே மூச்சு வாங்கியது. வட்ட விளக்கோ நாலு மடிப்பைத் துளைத்துக்கொண்டு ஊசி மாதிரி வெளியே வந்தது. இதுதான் விளக்கு!

"அக்கா, ரோட்டுக்குத்தானே வாங்கறீங்க, ஜவுளிக்கடைக்கு இல்லையே?" என்றார் கடைக்காரர்.

"பதினொரு வருஷமா வெளிச்சத்துல வேலை பாக்கறவ நான். எனக்கே சொல்றீங்களா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வட்ட விளக்கைக் கட்டிக்கொடுத்தார்.

அன்று இரவிலிருந்து பத்து நாள், நான் விழவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த விளக்கில் பாதை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு புள்ளி மட்டும் ஓடும். இன்னும் தூரம் பார்க்கலாமே என்று விளக்கை நிமிர்த்தி நிமிர்த்திக் கடைசியில் அது மரக்கிளையில் இருக்கும் பறவைகளைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் சக்கரம் ஒரு பள்ளத்திலும் இறங்கவில்லையே! வீட்டுக்கு வந்ததும் தினமும் பெருமை அடித்துக்கொள்வேன்.

"பாத்தீங்களா? நாலு மடிப்பு லைட்டு. சும்மாவா?"

"ம்" என்பார் அவர்.

பதினோராம் நாள் இரவு எதிரே ஒரு சைக்கிள் வந்தது. என் விளக்கு நேராக அந்த ஆளின் கண்ணில் போய் அடித்திருக்கிறது. "ஐயோ!" என்று ஒரு சத்தம், அப்புறம் சைக்கிள் சரியும் சத்தம், அப்புறம் வாய்க்கால் தவளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும்படி ஒரு திட்டு.

"லைட்டை ரோட்டுக்கு வைப்பாங்களா, மனுசன் மூஞ்சிக்கு வைப்பாங்களா? கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு!"

இறங்கி ஓடினேன். காவலாளி உடுப்பில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கரையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "நீங்க மட்டும் என்னண்ணே, லைட்டே இல்லாம வர்றீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா இந்த வழியில போறேன். என் கண்ணே லைட்டு!"

"அப்பறம் ஏன் விழுந்தீங்க?"

"நீ அவிச்சுட்டியே தாயி!" என்றவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். "என் கண்ணாடி எங்க? அது இல்லன்னா என்னால டியூட்டி பாக்க முடியாது. பதினோரு மணிக்கு வந்தேன்னு நோட்டுல எழுதணும்."

தப்பு என்னுடையதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு விளக்கைக் கழற்றி உயரப் பிடித்துத் தேடினேன். சரளைக்கல் எல்லாம் ஒரே வெள்ளையாகப் பளபளத்தது. கண்ணாடி அதில் எங்கே தெரியும்? கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதைதான். அப்போதுதான் உறைத்தது. சலவைக்கூடத்தில் தையல் ஊசி தரையில் விழுந்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைப்போம். ஊசி தெரியாது, அதன் நிழல் முழ நீளத்துக்குத் தெரியும். தினமும் செய்கிற காரியம். பாதைக்கு வந்ததும் எப்படி மறந்தேனோ!

விளக்கைத் தரையில் படுக்க வைத்தேன். கூழாங்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்தது. மூன்றடி தள்ளி, காது வளைவோடு கண்ணாடியின் நிழல் நீண்டு கிடந்தது. நல்லவேளை, உடையவில்லை.

அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் பாதையில் ஒரு வட்டம், சிமெண்டு போட்டு அடைத்தது. படுக்க வைத்த வெளிச்சத்தில் கரண்டி போன தடம் ஒவ்வொன்றும் வரி வரியாகத் தெரிந்தது. அது ஒரு சுழி. எல்லாக் கொத்தனாரும் பூச்சை முடிக்கும்போது சுழி ஒரு பக்கமாகச் சுற்றும். இது அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. இந்த மாதிரிச் சுழி உலகத்தில் நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு அடுப்படித் தரையில். நான் விழுந்த பள்ளம் இதே இடத்தில்தான் இருந்தது.

"அதுவா?" என்றார் காவலாளி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "யாரோ ஒரு மேஸ்திரி. காலையில நான் டியூட்டி முடிஞ்சு வரும்போது இருட்டுலயே குந்திக்கிட்டுப் பூசிட்டிருப்பாரு. ரெண்டு நாளைக்கு ஒரு பள்ளம். யார் சொல்லிச் செய்யறீங்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. ஊமையோ என்னமோ, பாவம்."

"ஊமை இல்லண்ணே" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, விளக்கைக் கீழே சாய்த்து வை தாயி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் அவர் தூங்கியிருந்தார். அலமாரியில் அந்தப் படிவத்தைத் தேடினேன். கிழித்துப் போட வேண்டும் என்று கை பரபரத்தது. அவருடைய அளவுநாடாவுக்கு அடியில் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கொத்தனார் பென்சிலில் ஒரு கோடு, அது வாய்க்கால். அதையொட்டி ஏழு வட்டம். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆழம், அகலம், எத்தனை சட்டி ஜல்லி. ஐந்து வட்டத்தை அடித்திருந்தார். இனி அந்தப் படிவத்தை எந்த அலுவலகத்திலும் வாங்கமாட்டார்கள்.

பதினொரு வருடமாக ஊரான் வீட்டுத் துணியில் ஓட்டை கண்டுபிடித்தவளுக்கு, தன் வழியில் ஒருவர் ஓட்டை அடைத்துக்கொண்டு வந்தது பத்து நாளாகத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லத் தெரியாத நன்றியாக இருந்தது. விளக்கைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமைக்கெல்லாம் அவர் சொன்ன "ம்" ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தது. அடுப்படித் தரையில் அந்தச் சுழிமேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள், சனிக்கிழமை, சைக்கிள் கடைக்குப் போய், வட்ட விளக்கை மேஜையில் வைத்தேன். "தப்பு என்மேலதான். அந்தத் தட்டை லைட்டைக் குடுங்க."

"ஏன் அக்கா, நாலு மடிப்பு போதலையா?"

"வாயை மூடிட்டுக் குடுங்க தம்பி."

பயன்படுத்திய பொருளைத் திரும்ப வாங்குவது வழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். நல்ல மனுசன். தட்டை விளக்கு மலிவு அல்லவா, மீதிப் பணத்துக்குச் சின்ன விளக்கு ஒன்று, வெளிச்சம் பட்டால் ஒளிரும் சிவப்பு வில்லை ஒன்று எடுத்துக்கொண்டேன். அவை காவலாளி அண்ணனுக்கு. தட்டை விளக்கைக் கைப்பிடியில் மாட்டாமல், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியில், அச்சுக்குச் சற்று மேலே வைத்தேன். பிடிமானம் பொருந்தவில்லை. சலவைவண்டியின் பழைய நாடாவை வெட்டித் தைத்துக் கட்டினேன். அன்று இரவு பாதை பாய் விரித்த மாதிரி அகலமாகக் கிடந்தது. அடைத்த வட்டம் ஐந்தும் தெரிந்தன. அடைக்காத இரண்டும் கறுப்பாக, தூரத்திலேயே தெரிந்தன.

மறுநாள் விடியுமுன் அவர் சத்தமில்லாமல் எழுந்தபோது, நான் செருப்புப் போட்டுக்கொண்டு, காபியைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு சைக்கிளோடு வாசலில் நின்றேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார்.

"ரெண்டு பாக்கி இருக்கே."

திருடி மாட்டிக்கொண்டவர் போலச் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார். வாய்க்கால் கரையில் குந்தி, ஜல்லியைக் கொட்டி, கலவையைப் போட்டார். நான் விளக்கைக் கழற்றித் தரையோடு வைத்தேன், அவருக்கு இடதுபக்கமாக. இடதுகையின் நிழல் வேலைமேல் விழுந்தது.

"எல்லா ஆளும் இந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க" என்றார்.

நான் விளக்கை வலதுபக்கம் மாற்றி வைத்தேன். கரண்டி பளிச்சென்று தெரிந்தது.

"இத்தனை நாள் வெளிச்சமே இல்லாம எப்படிங்க பூசுனீங்க?"

"கைக்குத் தெரியும்." தலை நிமிராமல், "நீ கணக்குல எந்தப் பாடத்துல இருக்க?" என்று கேட்டார்.

"வட்டத்துல" என்றேன். "பரப்பளவு."

அவர் சிரித்தது தோளில்தான் தெரிந்தது. அப்புறம் கரண்டியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிப் பூச்சை முடித்து, அளவுநாடாவையும் மடித்து வைத்திருந்த படிவத்தையும் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் குறுக்களவு எடுத்து, விளக்கு வெளிச்சத்திலேயே, அந்தப் படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். சரியாக வந்தது.