முதல் நாள் அளவு

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடிக் காட்டில், வேட்டைக்குப் போய்த் தொலைந்த லியோவை மூன்றாவது வாரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஓடைத் தண்ணீரும் கொஞ்சம் காட்டுப்பழமும் தவிர வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. செய்தி வந்ததும் அவர் மனைவி பெர்னடெட் அழவில்லை. நேரே கொல்லைக்குப் போய் மண்ணைத் தோண்டினாள்.

தேடுகிறவர்கள் சாப்பிடட்டும் என்று முந்தின மாலை தணலோடு புதைத்த இரும்புப் பானை அங்கே இருந்தது. பீன்ஸ் விதையும் பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் மண்ணுக்குள்ளேயே வெந்து குழைந்திருந்தன. லியோவுக்கு அதென்றால் உயிர். ஒரு பெரிய டப்பா நிறைய அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினாள்.

வயிற்றுக்குப் போடுவதில் அந்தப் பள்ளத்தாக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மரம் வெட்டுகிறவனுக்கு மூன்று தட்டு. வளர்கிற பையனுக்குக் கேட்பதற்கு முன்பே இன்னொரு தட்டு. பிள்ளை உண்டான மருமகளுக்குப் பாலும் முட்டையும் கீரையும், பல் போன மாமனாருக்கு சூப்பில் ஊறவைத்த அடை. யாருக்கு எது என்று அவள் கைக்கே தெரியும்.

கட்டிலைப் பார்த்ததும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம். மூக்கு மட்டும்தான் பழைய மூக்கு. அது டப்பாவைக் கண்டுகொண்டது.

"பீன்ஸா, பெர்னி?"

"வேற என்ன, உன் கல்யாண விருந்தா?" மூடியில் கை வைத்தாள்.

"அதைத் திறக்காதீங்க."

கதவருகே நின்றவள் ஜோலின், ஆஸ்பத்திரியின் உணவு நிபுணர். அவள் கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதன் அடியில் கஞ்சி போல ஏதோ கொஞ்சம் கிடந்தது.

"இதைப் பூனைகூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்," என்றாள் பெர்னடெட். "காடு போட்ட பட்டினி பத்தாதா? நீங்களும் போடணுமா?"

"காடு அவரைக் கொல்லல. இந்த டப்பா கொன்னுடும்." ஜோலின் குரலை உயர்த்தவில்லை. "இத்தனை நாளா உடம்பு இருக்கறதைச் சுரண்டியே பொழைச்சிருக்கு. இப்ப மாவும் இனிப்பும் மொத்தமா உள்ள போனா, ரத்தத்துல மிச்சமிருக்கற தாது உப்பையெல்லாம் உடம்பு இழுத்துக்கும். இதயம் நின்னே போயிடலாம். ஊசி போட்டு, ரத்தம் பார்த்துப் பார்த்து, கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

சாப்பாடாவது, ஆளைக் கொல்வதாவது. பெர்னடெட் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பிள்ளை பொறந்த அன்னிக்கு எவ்வளவு பால் வந்துச்சு?" என்று கேட்டாள் ஜோலின்.

"இது என்ன கேள்வி? ஒரு ஸ்பூன் தேறியிருந்தா அதிகம். மஞ்சளா, பசை மாதிரி. என் மாமியார் திட்டித் தீர்த்துட்டா."

"பிள்ளை?"

"அதைக் குடிச்சுட்டு அது பாட்டுக்குத் தூங்குச்சு."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கே உறைத்தது. ஊருக்கே அள்ளி அள்ளிப் போட்ட அவளுடைய உடம்பு, யாரும் சொல்லித்தராமல், முதல் நாள் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிக்கொண்டே நாம் இரண்டாவது தட்டை நீட்டுகிறோம். அந்த உடம்புக்குப் பழமொழி தேவைப்படவில்லை. தன் உடம்பை நினைத்து அவளுக்கே பயமாகவும் பெருமையாகவும் இருந்தது.

"ஒரு வாய், பெர்னி," என்றார் லியோ. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரே ஒரு வாய்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பாடு கேட்டு அவள் இல்லை என்று சொன்னதில்லை.

"முடியாது," என்றாள். டப்பாவை ஜோலின் கையில் கொடுத்தாள். "தேடினவங்க வெளியில நிக்கறாங்க. ஆறிப்போறதுக்குள்ள கொடுத்துடுங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் ஊட்டினாள். அவர் விழுங்கியதும், தலைமாட்டுத் திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்த ஸ்பூனை அள்ளாமல் காத்திருந்தாள். அடுத்ததும் வந்தது.

கிண்ணம் சீக்கிரமே காலியாயிற்று. லியோ அதை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"நீ இன்னிக்குத்தானே பொறந்திருக்க," என்றாள் பெர்னடெட், அவர் வாயைத் துடைத்தபடி. "இன்னிக்கு அவ்வளவுதான்."