வலது கன்னம்

மேக்கப் போட்டு முடித்து, மாடிப்படிக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்ததிலிருந்து அவளுடைய காட்சி 'இதோ அடுத்தது' என்றே இருந்தது. படப்பிடிப்பு வீட்டில் அடுத்தது என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு என்று அர்த்தம். அவளுக்கா தெரியாது. கொண்டுவந்து கொடுத்த டீயை வாங்கி உறிஞ்சினாள். டீ உள்ளே போகாமல் வலது வாயோரமாக வழிந்து, தாடையில் இறங்கி, படக் கம்பெனி கொடுத்த உடுப்பின் மேல் சொட்டியது.

உடுப்பு பாழாயிற்றே என்றுதான் முதலில் பதறினாள். துடைத்துக்கொண்டு மறுபடி உறிஞ்சினாள். மறுபடியும் வழிந்தது. ஸ்பாஞ்சை அலசிக்கொண்டிருந்த மேக்கப்காரர் நிமிர்ந்து பார்த்தார். பல வருஷமாக அவளுடைய முகத்தைத் தொட்டு வேலை செய்கிறவர்.

"அக்கா, ஒரு தடவை சிரிங்க பார்ப்போம்."

அவள் சிரித்தாள். அவர் பதிலுக்குச் சிரிக்காமல் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அதில் இடது பாதி முகம் நன்றாகத்தான் சிரித்தது. வலது பாதி, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

செட்டில் அவளுக்கு ரெடியக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எந்த வேஷத்துக்குக் கூப்பிட்டாலும் என்ன ஏது என்று கேட்க மாட்டாள், ரெடி என்பாள். நர்ஸ், நீதிபதி, பக்கத்து வீட்டு வாயாடி, பிச்சைக்காரி என்று எல்லாம் ஆகியிருக்கிறாள். வெயிலில் பிணமாகப் படுத்து, மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையாமல் கிடந்திருக்கிறாள். அவளோடு வந்த அழகிகளெல்லாம் கதாநாயகியாகிக் கொஞ்ச நாள் மின்னிவிட்டுக் காணாமல் போனார்கள். இவள் நிலைத்தாள். இப்படித்தான் இருப்பேன் என்று எந்தப் பாத்திரத்திலும் ஒட்டிக்கொள்ளாததால்தான் நிலைத்தோம் என்பது அவள் கணக்கு. அதைப் புதிதாக வருகிற பெண்களிடம் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வாள்.

ஆனால் வயது ஏற ஏற அழைப்புகள் குறைந்தன. இப்போது கையில் இருப்பது இந்த ஒரே தொடர், இந்த மாமியார் வேஷம். இது போனால் வேறு இல்லை. திரையில் முகம் தெரிகிறவரைக்கும்தான் தொலைபேசி மணி அடிக்கும். தெரியாமல் போனால் செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்துக்கொள்வார்கள். மகள் மருந்துக்கடையில் நின்று கொண்டுவருவது சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும். வாடகை இந்த முகத்திலிருந்துதான் வர வேண்டும்.

மகள் கூட்டிப்போய்க் காட்டிய மருத்துவர் அவளைப் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றும் இல்லை, முகத்து நரம்புதான் வீங்கியிருக்கிறது என்றார். எதனால் என்று மகள் கேட்டாள். சரியாகச் சொல்ல முடியாது, குளிர்காற்று பட்டாலும் வரும் என்கிறார்கள் என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கண்ணாடி முன்னால் பயிற்சி. ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் சொன்னார். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு அவள் மருத்துவரை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவரைப்போலப் பார்த்தாள்.

சில நாள் சமாளிக்கவும் செய்தாள். அதற்குத் தொழிலின் வழக்கமே துணை நின்றது. செட்டில் உதவி டைரக்டர் வசனத்தை உரக்கப் படிப்பான். நடிக்கிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி வாயசைத்தால் போதும். குரல் பிறகு வேறொருத்தியிடமிருந்து வரும். ஆகையால் நாக்கு குழறினாலும் கேட்பாரில்லை. இடது பக்கத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டிக்கொண்டால் ஆயிற்று. அந்தப் பக்கம்தான் எனக்கு லட்சணம் என்று கேமராக்காரரிடம் கேலிபோலச் சொல்லி வைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே அப்படியே எடுத்தார்.

மருமகளோடு சண்டைபோடும் காட்சியில்தான் குட்டு உடைந்தது. மருமகளாக நடித்த பெண் உணர்ச்சிவசப்பட்டு அவள் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். முழு முகமும் கேமராவில் விழுந்தது. டைரக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். மகன் வயதுள்ளவர், தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நாளில் சரியாயிடும் தம்பி, என்னை மாத்திடாதீங்க என்று குழறிக் குழறிக் கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மானிட்டரில் உறைந்து நின்ற அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "யாரு மாத்தப் போறா? இது தங்கம்க்கா" என்றார்.

அடுத்த வாரமே கதையில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, வாய் கோணி, பேச்சு போய்விட்டது. அவள் கட்டிலில் படுத்தாள். பேச்சு இல்லாததால் எல்லாவற்றையும் வலது கையாலேயே சொன்னாள். போர்வையைப் பற்றிக் கசக்குவாள். பேத்தியாக நடித்த குழந்தையின் தலையை நோக்கி விரல்களை நீட்டுவாள். எட்டாமல் கை விழும். ஊரெல்லாம் அதைப் பார்த்தது. மகளின் தொலைபேசியில் முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள்: என்ன ஒரு நடிப்பு, இத்தனை நாள் எங்கே இருந்தார் இவர்? இத்தனை நாளும் இங்கேதான் இருந்தாள். ஒரு வரி எழுத நாதியில்லாமல் இருந்தாள். இப்போது நோய்க்கு வந்த பாராட்டை மகள் படிக்கப் படிக்க, வெட்கமும் சந்தோஷமுமாகக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் மகள் விடுவதாக இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன்பும் வந்த பின்பும் அம்மாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, விசிலடி என்று வாத்தியாரம்மாவைப்போல மிரட்டுவாள். ஒரு நாள் காலையில் விசிலுக்காக உதட்டைக் குவித்தபோது வலது உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"அம்மா, அசையுதும்மா. பாரு, அசையுது" என்றாள் மகள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முகம் சரியானால் இந்த வேஷம் என்னாகும் என்றுதான் அவளுக்கு நினைப்பு ஓடியது.

அன்றிலிருந்து பயிற்சியை ஏமாற்றத் தொடங்கினாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, மகள் திரும்பியதும் துப்பினாள். குளிர்காற்று என்று மருத்துவர் சொன்னது நினைவிலேயே நின்றது. காற்றால் வந்தது காற்றாலேயே தங்கிவிடாதா? பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்து, மகள் சுற்றிவிட்ட துணியை அவிழ்த்து, வலது கன்னத்தை வெளியே காட்டிக்கொண்டு போனாள். மழைக்காலம். சாரல் ஊசியாகக் குத்தும். ஜன்னலை மூடும்மா என்று பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். காது கேளாதவளைப்போல உட்கார்ந்திருப்பாள். செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் கண்ணை மூடினால், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கிற நினைப்புதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்த ஈரத்தோடு மின்விசிறிக்கு நேராகக் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மகள் பார்த்துவிட்டாள். வந்து விசிறியை அணைத்தாள். துண்டை எடுத்து அம்மாவின் தலையைத் துவட்டினாள்.

"வாய் இப்படியே கோணிக்கிட்டே இருக்கணும்னு நினைக்கிறியாம்மா?"

"இருந்தாத்தான் சோறு."

"நீ நடிகைதானே. சரியாயிட்டா அதையே நடிச்சுட்டுப் போயேன்."

அது அவளுக்கு உறைத்தது. ஆமாம், இத்தனை வருஷம் என்ன கிழித்தோம்? பிணமாக நடித்தவளுக்குப் பாதி முகம் பிணமாக நடிக்க வராதா? பயிற்சிக்கு வைத்த அதே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, குணமாகிக்கொண்டிருந்த முகத்தை மறுபடி கோணவைத்துப் பார்த்தாள். தாடையை எங்கே தளர்த்த வேண்டும், எந்த இமையைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தானே பட்டதுதானே. மகளையே ஒரு கணம் பயமுறுத்திவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

செட்டில் மேக்கப்காரரும் தன் பங்குக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுநாடாவால் உதட்டோரத்தைக் கீழே இழுத்து ஒட்டினார். காட்சி முடிந்தது. டைரக்டர் இன்னொரு தடவை என்றார். பிறகு இன்னொரு தடவை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலருகே வந்தார்.

"என்னமோ குறையுதுக்கா. நடிக்கிற மாதிரி இருக்கு."

"நடிக்கத்தானே தம்பி வந்திருக்கேன்."

அவர் குனிந்து அவள் கன்னத்தைப் பார்த்தார். முகம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சந்தோஷம்க்கா என்று மெய்யாகவே சந்தோஷப்பட்டார். பிறகு மேனேஜரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவள் கட்டிலில் படுத்தபடியே அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளாக அழைப்பே இல்லை. கூப்பிட்டால் மேனேஜர் எடுக்கவில்லை. பதினோராம் நாள் அவரே கூப்பிட்டு, நாளைக்கு வாங்கக்கா என்று வைத்துவிட்டார். அவள் போனபோது கட்டிலில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவள் உடுத்திக்கொண்டிருந்த கம்பெனி உடுப்பு அவள் மேல் இருந்தது. ஒல்லியான பெண்பிள்ளை, இவளைவிடச் சின்னவள். வாயின் வலது ஓரம் தொங்கிக் கோணியிருந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவளாம். ரத்தக்கொதிப்பில் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாமல் வீட்டோடு இருந்தவளை மேனேஜர் பிடித்து வந்திருந்தார். தலைக்கு நரைமுடி வைத்து, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்புப் பூசியதில், தூரத்திலிருந்து பார்த்தால் அதே மாமியார்தான். ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியாது, பார்க்கிறது வாயைத்தானே என்று மேனேஜர் சொன்னார். ஒரே ஒரு சிக்கல். அவளுக்கு வலது கையும் விழுந்துவிட்டிருந்தது. கதையில் மாமியார் பேசுவது கையால்தான்.

"அதான் உங்களைக் கூப்பிட்டது. கை மட்டும் நீங்க குடுத்தா போதும்க்கா. சம்பளம் கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கோங்க, முகம் வராதில்ல."

அவள் தன் கையைப் பார்த்தாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்விடலாம். எங்கே போவது? இந்த மாத வாடகையை மகள் கடை முதலாளியிடம் முன்பணமாகக் கேட்டிருக்கிறாள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ரெடி என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேனேஜர் மறுபடி கேட்டதும் தலையை ஆட்டினாள்.

கட்டிலில் இருந்தவள் பயந்துபோயிருந்தாள். இவளைப் பார்த்ததும், நல்ல கையால் இவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா" என்றாள் குழறலாக.

"வர வேணாம். வந்தா அனுப்பிடுவாங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பாதி முகத்தால் நன்றியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெறுக்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியது. முடியவில்லை.

கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, இடையில் ஓர் ஆள் ஒடுங்குகிற அளவுக்கு இடம் விட்டார்கள். விளங்காத கையை மடக்கி அந்தப் பெண்ணின் முதுகுக்கு அடியில் செருகினார்கள். அது அங்கேயே கிடந்தது. வலித்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. போர்வையின் ஓரத்தில் தையலைப் பிரித்து ஓட்டை போட்டார்கள். ரெடியக்கா சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இறங்கி, மண்டியிட்டு, ஓட்டை வழியாகக் கையை உள்ளே நுழைத்தாள். மேலே, அவள் தோளுக்குப் பக்கத்தில், மற்றவளின் மூச்சு வேகமாகக் கேட்டது. மேக்கப்காரர் குனிந்து ரெடியக்காவின் கைக்கு மட்டும் பவுடர் பூசினார். முகத்தைப் பார்க்காமல் பூசிவிட்டுப் போனார்.

உதவி டைரக்டர் வசனம் படித்தான். பேத்தி வந்து கட்டிலருகே நின்று பாட்டி என்றாள். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. நடுங்கியது, தயங்கியது, குழந்தையின் தலையை நோக்கி விரல் விரலாக விரிந்தது. மானிட்டரைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் அசையவில்லை. பிரமாதம், பிரமாதம் என்று டைரக்டர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு கட் என்றார்.

"அக்கா, கை அருமை. ஆனா பின்னால உங்க முகம் தெரியுது. இன்னும் கொஞ்சம் கீழே போயிடுங்க."

அவள் கீழே போனாள். போதாது, இன்னும் என்றார்கள். சிமெண்டுத் தரையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, கையை மட்டும் மேலே நீட்டினாள்.