ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு காலிக் கட்டம்

1

காலை ஆறு பத்துக்கு வெஸ்லி எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான். இரண்டு துண்டு ரொட்டி வாட்டி, ஒன்றைத் தின்றான். தட்டைக் கழுவினான். குப்பை வண்டி தெருவைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். தொட்டியை வெளியே வைக்க மறந்திருந்தான். சட்டை மாட்டினான். துணிப்பையில் மூன்று பென்சில், ஒரு ரப்பர், பச்சை அட்டை போட்ட ஸ்கோர் நோட்டு ஆகியவற்றை வைத்தான். ஆட்டம் மதியம் ஒன்று பத்துக்கு. இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

(முதல் வரைவில் அவன் இரண்டு காபிக் கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பான். உருக்கமான காட்சி. ஆனால் அவன் மனைவி கிரெட்டா காபி குடிப்பதே இல்லை. அடித்துவிட்டேன்.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரல் நகம் அளவுள்ள ஒரு கட்டத்திலிருந்து. மட்டையோடு வருகிற ஒவ்வொருவனுக்கும் என்ன ஆனது என்று ஸ்கோர் நோட்டில் ஒரு கட்டத்தில் குறிப்பார்கள். அந்த நோட்டில் ஜூன் மாதப் பக்கம் ஒன்றில், ஐந்தாவது இன்னிங்ஸில், ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற கட்டங்களும் காலிதான். ஆனால் அவை வேறு கணக்கு. இந்த ஒரு கட்டத்துக்கான ஆட்டம் நடக்கும்போது நோட்டு வெஸ்லியின் மடியில் இருந்தது.

வெஸ்லி யார் என்று கேட்காதீர்கள். "நான்" என்று தொடங்கிய ஏழு வரைவுகளும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டன. பெயரை மாற்றியதும் எழுந்து பல் தேய்க்கிறான். அவனை வைத்தே ஓட்டுவோம்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

மில்வாக்கி நகரத்து ஏரியின் மேல் கருமேகங்கள் துக்கம் போலக் கவிந்து— (ஏரி அன்று சும்மா இருந்தது. வெயில்.)

பேஸ்பால் என்பது வாழ்க்கையைப் போலவே— (இந்த வாக்கியத்தை எழுதியவனை நானே மைதானத்துக்கு வெளியே தள்ளினேன்.)

நோலன் ஃபேரிஸின் வலது முழங்கையைப் பற்றி இந்த ஊரில் அபிப்பிராயம் இல்லாதவர் எவரும் இல்லை. (இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.)

3

ஃபேரிஸ் எங்கள் அணியின் முதல் பிட்சர், அதாவது பந்தெறிபவன். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவன். போன வருஷம் எதிரணிக்காரர்கள் அவன் பந்தை மட்டையால் தொடுவதற்கே திணறினார்கள். இந்த வருஷம் மே மாதத்திலிருந்து அவனை வெளுத்து வாங்குகிறார்கள். காயம் எதுவும் இல்லை, களைப்புதான் என்று அணி நிர்வாகம் சொல்கிறது. நிர்வாகம் சொல்வதை ஊரில் யாரும் நம்புவதில்லை.

மைதானத்தில் முதல் பேஸ் இருக்கும் பக்கம், மேல் அடுக்கு, பதினான்காவது வரிசை. அந்த நான்கு இருக்கைகள் ஒன்பது வருஷமாக நான்கு பேருக்கு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஸ்டான். எலும்பு மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் தொலைபேசி எடுக்கும் லூப்பே. வெஸ்லி. கிரெட்டா. இப்போது ஏழு வாரமாக கிரெட்டாவின் இருக்கையில் ஸ்டானின் தொப்பி இருக்கிறது. வெஸ்லி வராத நாட்களில் அவன் இருக்கையில் லூப்பேயின் கைப்பை இருந்திருக்கிறது. இன்றுதான் அவன் திரும்ப வருகிறான்.

"வா தம்பி," என்றார் ஸ்டான். கையைப் பிடித்து ஒரு குலுக்கு. அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லிவிடுவாரோ என்று வெஸ்லி பயந்திருந்தான். ஆனால் அவர் மைதானத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாசமாப் போனவன் இன்னிக்கும் தாடி இல்லாம வந்திருக்கான் பாரு."

"ஆரம்பிச்சுட்டாருய்யா," என்றாள் லூப்பே.

"தாடியை எடுத்ததுலேருந்துதானே இந்தக் கூத்து? தேதி போட்டுக் காட்டவா?"

"முழங்கைண்ணே அது. முழங்கை. எத்தனை தடவை சொல்றது? இந்த வருஷத்துக்குள்ள கத்தி வெப்பாங்க, எழுதி வெச்சுக்குங்க."

"ஆமா, பெரிய எலும்பு டாக்டரு."

"பதினோரு வருஷமா டாக்டர்கிட்டதான் இருக்கேன்."

"போனை எடுத்துக்கிட்டு."

"போன் பண்றவன் வானிலையா விசாரிக்கறான்? வலியைத்தான் சொல்றான். 'ஹலோ'ங்கற குரல்லயே தெரிஞ்சுடும் எனக்கு, தோளா முட்டியான்னு."

"அப்ப ஃபேரிஸுக்கு ஒரு போனைப் போடேன். 'ஹலோ' சொல்லட்டும்."

முன்வரிசையில் இருந்தவர்கூடச் சிரித்தார். வெஸ்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது. இந்த விவாதத்தில் அவனுக்கென்று ஒரு வசனம் உண்டு.

"கைக்கு ஒண்ணுமில்லக்கா. வேகம் ரெண்டு மைல்தான் குறைஞ்சிருக்கு. பந்தை விடற இடம் ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு. பழக்கக் கோளாறு. காயமா இருந்தா பாத்தாலே தெரியும்."

லூப்பே அவனைப் பார்த்தாள். பிறகு மைதானத்தைப் பார்த்தாள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது கிரெட்டா. அவள் வசனத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வசனம் இது: "நீ பந்தைப் பாக்கற. எறிஞ்சதும் வலது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் விரலை மடக்கி நீட்டறான் பாரு. நமக்குத் தெரியக் கூடாதுன்னு."

4

இங்கே ஒரு சந்தேகம். வெஸ்லியை எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு அங்குலம் என்று சொல்கிறான் அல்லவா? அது எப்படித் தெரியும் தெரியுமா? போன வருஷ ஒளிப்பதிவையும் இந்த வருஷ ஒளிப்பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காட்சி காட்சியாக நிறுத்தி, கணினித் திரையின் மேல் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து அளந்தான். பட்டதாரி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஜூன் மாதத்தில் மூன்று மாலைகள் இதற்குப் போயின. அந்த மூன்று மாலையும் கிரெட்டா பக்கத்து சோபாவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாள். தலைவலி என்றாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டான். போட்டேன் என்றாள். அளவுகோலை மறுபடி திரையில் வைத்தான்.

(ஒரு வாசகர் இந்த இடத்தில் அவனை மன்னிக்க விரும்பலாம். கொஞ்சம் பொறுங்கள்.)

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கிரெட்டா ஸ்கோர் எழுதிவந்த அந்த நோட்டைத் திறந்தான். கிரெட்டாவின் எண்கள் அச்சடித்தது போல இருக்கும். கட்டத்தின் கோட்டைத் தொடாது. அந்த ஜூன் மாத ஆட்டத்தில் முதல் இரண்டு இன்னிங்ஸும் அப்படித்தான். மூன்றாவதில் எண்கள் சற்றுப் பெரிதாகின்றன. நான்காவதில் ஒரு ஆறு கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் கால் நீட்டியிருக்கிறது. ஐந்தாவதில் எல்லாமே கீழே சரிகின்றன. நானூறு அடிக்கு அப்பால் ஒருவன் கை இரண்டு அங்குலம் இறங்கியதைக் கண்டுபிடித்த நிபுணர், ஒரு முழம் தள்ளி நடந்த இதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஸ்கோர் எழுதுகிறவர்கள் தாங்கள் கவனிக்காமல் விட்ட பந்துக்குக் கட்டத்தில் இரண்டு எழுத்து போடுவார்கள். 'பார்க்கவில்லை' என்று அர்த்தம். கிரெட்டாவுக்கு அது மானப் பிரச்சினை. ஒன்பது வருஷ நோட்டுகளில் அந்த எழுத்துகள் ஒரு இடத்தில்கூட இல்லை. இன்னிங்ஸ் நடுவில் அவள் எழுந்திருக்க மாட்டாள், மழை வந்தாலும். அன்று ஐந்தாவதில், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும், அடுத்தவன் மட்டையோடு வந்து நிற்கிறான், எழுந்தாள். வரிசை நீளமாவதற்குள் சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று நோட்டை அவன் மடியில் வைத்தாள். எழுந்ததே போதும், அவன் பதறியிருக்க வேண்டும். அவன் ஃபேரிஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறைச்சி சாசேஜ் விற்கும் கடைக்கு முன்னால், படிக்கட்டின் அடியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் ஒன்று. ஆம்புலன்ஸ் மூன்று நிமிடத்தில் வந்தது. (இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத எதுவும் இல்லை. ஒரு உவமை முயன்றேன். நாற்றமடித்தது.)

ஆகவே இன்று வெஸ்லிக்கு வேண்டியது என்ன என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஃபேரிஸுக்குக் காயம் இருக்கக் கூடாது. அவன் கை நன்றாக இருந்தால், வெறும் களைப்பாக இருந்தால், வெளியிலிருந்து பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்ல யாராலும் முடியாது என்று ஆகும், கிரெட்டாவிடம் அவன் பார்க்காமல் விட்டதும் உட்பட. அணியில் அவனுக்கு அக்கறை இல்லை. இது மட்டும் போதும்.

5

மூன்று இன்னிங்ஸ் நன்றாகப் போயின. வேகப் பலகையில் தொண்ணூற்று நான்கு மைல் வந்தது. வெஸ்லி நான்காவது முறையாக "பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தோம், பாத்தோம். ஃபேரிஸோட அம்மாகூட இவ்ளோ சந்தோஷப்பட மாட்டாங்க," என்றாள் லூப்பே.

நான்காவதில் தொண்ணூற்று ஒன்று. தொண்ணூறு. குறி தவறிய பந்துகளாக எறிந்து ஒருவனை முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டான். இன்னொருவன் பந்தை எல்லைச் சுவரில் அடித்தான்.

"தாடி," என்றார் ஸ்டான்.

"அண்ணே, சும்மா இருக்கீங்களா."

ஃபேரிஸ் அடுத்த பந்தை எறிந்தான். எறிந்ததும் வலது கை முதுகுப் பக்கம் போனது. விரல்கள் மடங்கின. நீண்டன. மடங்கின.

வெஸ்லி முதல் முறையாக அதைப் பார்த்தான். அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே. இவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பயிற்சியாளரும் அணியின் மருத்துவரும் நடந்து வந்தார்கள். ஃபேரிஸ் தலையை ஆட்டினான். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று பந்தைக் கையுறைக்குள் அழுத்திக்கொண்டான். ஒரு சோதனைப் பந்து எறிந்து காட்டினான். நேராகவே போனது. பயிற்சியாளர் அவன் முதுகில் தட்டிவிட்டுத் திரும்பினார். கூட்டம் கைதட்டியது.

வெஸ்லி எழுந்து நின்றான்.

"கூட்டிட்டுப் போங்கடா அவனை!" என்று கத்தினான். "வெளிய கூட்டிட்டுப் போங்க! ஒண்ணுமில்லம்பான், கேக்காதீங்க! கையைப் பாருங்கடா!"

மேல் அடுக்கிலிருந்து கத்தினால் கீழே யாருக்கும் கேட்காது. பீர் விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். இரண்டு வரிசை முன்னாலிருந்து ஒரு குரல்: "உக்காருய்யா டாக்டரே!"

"உன் வேலையைப் பாருய்யா!" என்று ஸ்டான் அந்தக் குரலுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவரும் லூப்பேயிடம் அதே கேலியைத்தான் செய்துகொண்டிருந்தார்.

லூப்பே அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். சட்டையை விடவில்லை.

"நீதானே கைக்கு ஒண்ணுமில்லன்ன?"

"ஆமா."

"பின்ன?"

"கிரெட்டா சரியாத்தான் சொன்னா, அக்கா."

லூப்பே வெற்றிப் பார்வை எதுவும் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "அவ எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான். நான் எங்க கண்டேன் முழங்கையை. சும்மா போன் எடுக்கறவ."

6

முடிவுகள். விருப்பம்போல எடுத்துக்கொள்ளலாம்.

அ. அன்று மாலையே அறிவிப்பு வருகிறது: முழங்கைத் தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை. கிரெட்டா ஜெயிக்கிறாள். வெஸ்லி தோற்கிறான், இரண்டு முறை.

ஆ. விரலில் கொப்புளம். ஒரு வாரம் ஓய்வு. வெஸ்லிக்கு விடுதலை. (இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விடுதலை அடைந்த மாதிரி தெரியவில்லை.)

இ. தாடி. ஸ்டான் வற்புறுத்தியதால் சேர்த்திருக்கிறேன்.

உண்மையான அறிவிப்பு வந்துவிட்டது. என் கைபேசியில் இருக்கிறது. திறக்கவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது வெஸ்லி ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து காலிக் கட்டத்தைக் காட்டினான். ஸ்டான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதா? எனக்கு ஞாபகமிருக்கே தம்பி. இடது பக்கம் உசரமா அடிச்சான், பிடிச்சுட்டாங்க. இடது பக்கத்து ஆளுக்கு நம்பர் ஏழு, அதைப் போட்டுக்க. முடிஞ்சுது. அவ நோட்டு சுத்தமா இருக்கும்."

வெஸ்லி பென்சிலை எடுத்தான். ஏழு போடவில்லை. 'பார்க்கவில்லை' என்கிற அந்த இரண்டு எழுத்துகளைப் போட்டான். ஒன்பது வருஷ நோட்டுகளில் முதல் முறை. கோணலாக வந்தது. ரப்பரை எடுக்கவில்லை.

ஸ்டான் கண்ணாடியைக் கழற்றினார். "அவ பாத்தா உன்னைக் கொன்னுடுவா," என்றார்.

"ஆமாண்ணே."

7

ஒன்று மிச்சம் இருக்கிறது. அவள் கடைசியாகச் சொன்னது.

வெஸ்லியை வைத்து எழுதிய வரைவு ஒன்றில் அவள் திரும்பிப் பார்த்து, "நல்லா இரு," என்கிறாள். வரைவு நான்கில், "ஃபேரிஸைப் பத்தி நான் சொன்னது ஞாபகமிருக்கட்டும்," என்கிறாள், கதைக்கு வசதியாக. வரைவு ஆறில் எதுவும் சொல்லாமல் அவன் தோளைத் தொடுகிறாள். மூன்றும் பொய். தோளைத் தொட்டாள், உண்மைதான், ஆனால் அது அவன் காது கேட்காதவன் போல உட்கார்ந்திருந்ததால். அவன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "கை நல்லாத்தான் இருக்கு பாரு," என்றான். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். நடைபாதையில், ஒரு கையால் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை. கேள்வி இதுதான்:

"ஏய் வெஸ், உன்னைத்தான் கேக்கறேன். சாசேஜுக்குக் கடுகு சாஸ் போடச் சொல்லவா, வேணாமா?"