மேட்டு லயத்துக் குழாயில் தலைவர் பேச்சு

1953 தைப்பொங்கலுக்கு மறுநாளிலிருந்து, அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள கல்மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் குழாயைத் திறந்தால் முதலில் தலைவரின் பேச்சு வந்தது. நாலு நிமிடம் கழித்துத் தண்ணீர் வந்தது. மூடித் திறந்தால் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தலைவர் என்றால் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வட்டாரத் தலைவர், லிந்துலை ஆண்டியப்பன். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, பாலம், வாசகசாலை என்று எதைத் திறப்பதானாலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து பேசுவார். குழாயைத் திறந்துவைத்த அன்று நூர்தீன் முதலாளி கடை மேசைமேல் ஏறி நின்று, ஓட்டு இல்லாதவனுக்கும் தாகம் உண்டு என்றார். தோட்டத்துத் துரைக்கும் அவருக்குக் கீழே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் நன்றி சொன்னார். பதினொரு நாள் பாறை உடைத்துக் குழாய் பதித்த செல்லசாமியைச் சொல்லவில்லை. பேச்சு கைதட்டலோடு சேர்ந்து குழாய்க்குள் தங்கிவிட்டது. துரை கண்டியிலிருந்து ஆளைக் கூப்பிட்டார். வந்தவன் வாஷரை மாற்றிவிட்டு, குழாயில் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனான்.

செல்லசாமிக்கு நன்றி பெரிதில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஐந்துக்கு மேல்தான் மலையிறங்குவார்கள். அவன் வீட்டு முன் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு தன் மனைவி அம்மாக்கண்ணு தண்ணீருக்குப் போவதைப் பார்ப்பான். இரண்டு குடம் எடுத்தவள் இப்போது ஐந்து குடம் எடுத்தாள். குழாயடியில் கண்ணை மூடி நின்றாள். அந்த முகத்தைக் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவன் பார்த்ததில்லை. ஒரு மாலை, தலைவரின் குரலில் நாலு வார்த்தை அவளிடம் பேசிப் பார்த்தான். சாராயம் குடித்தாயா என்று கேட்டாள். அடுத்த காம்பரா மீனம்மா வேறு, "என்னண்ணே, ஒங்க வீட்டுத் தண்ணியெல்லாம் லிந்துலையிலேருந்துதான் வருது போல" என்றாள்.

மூன்று வருஷம் பொறுத்தான். 1956 சித்திரையில் குழாயின் வாயைக் கழற்றித் தேயிலைச் செடிகளுக்கிடையே புதைத்தான். அங்கே கொழுந்தெடுத்தவர்கள் காலடியில் கைதட்டல் கேட்டதாகச் சொன்னார்கள். மேட்டு லயத்தில் பேச்சு நின்றது. வெறுங்குழாயில் தண்ணீர் எந்நேரமும் கொட்டியது, குடம் அரை நிமிடத்தில் நிறைந்தது. அம்மாக்கண்ணு இரண்டு குடத்தோடு உடனே திரும்பி வந்து அடுப்பு வேலையில் விழுந்தாள். ரொட்டி தீய்ந்தது. பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. தலைவர் குரல் இல்லாமல் வாடுகிறாள் என்றே அவன் நினைத்தான். பத்தாம் நாள் அதைக் கேட்டும் விட்டான்.

அவள் மாவு பிசைந்த கையோடு சொன்னாள்: "அந்த ஆளு என்ன பேசுறாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு நாளும் கேட்டதில்ல. மலையில கங்காணி வெரட்டுறாரு, இங்க அடுப்பு வெரட்டுது. அந்த நாலு நிமிசந்தான் நான் சும்மா நின்னேன். தண்ணி வரலன்னா யாரு என்னைக் கேக்க முடியும்?"

செல்லசாமி அன்றே குழாய் வாயைத் தோண்டி எடுத்து மாட்டினான். ஆனால் பொறாமை போகவில்லை. ஆண்டியப்பன்மேல் இருந்தது அந்த நாலு நிமிடத்தின்மேல் திரும்பியது. தன் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

1961இல் கீழே இருந்த பணிய லயத்துக்குக் குழாய் வந்தது. பதித்ததும் அவன்தான். திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிறு லிந்துலைக்குப் போய்த் தலைவரைப் பார்த்தான்.

"தலைவரே, இந்தத் தடவை கொஞ்சம் நீட்டிப் பேசுங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு கால் மணி நேரம்."

தலைவராக இருந்த பதினாறு வருஷத்தில் இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விழாவன்று மழையில் குடை பிடித்துப் பதினேழு நிமிடம் பேசினார். துரை இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேட்டு லயத்துப் பெண்களும் எழுபது படி இறங்கிப் பணிய லயத்துக் குழாய்க்கே போனார்கள். கண்டாக்கையா வந்து, ஏன் இவ்வளவு நேரம் இங்கே நிற்கிறீர்கள் என்று விசாரித்தார். தண்ணி இன்னும் வரலீங்க என்றார்கள். அவர் குழாயைத் திறந்து பாதிப் பேச்சுவரை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். செல்லசாமி குழாய்க்கு எதிரே ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிப் போட்டிருந்தான். அம்மாக்கண்ணு குடத்தை வைத்துவிட்டு அதில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பதினேழு நிமிடமும் அவன் மேலே படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது. பேச்சு முடிந்து கைதட்டல் வந்தது. தண்ணீர் வந்தது. குடம் நிறைந்ததும் இறங்கிப் போய் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.