எண்பதாவது மீட்டரில் அஞ்சுகம்

பனிச்சறுக்குத் தாண்டலில், புறப்படும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாதவர்கள் கீழே இறங்குவதில்லை. காற்றில் போய் அப்படியே நின்றுவிடுவார்கள். அதனால்தான் விடைகொடுப்பவர் என்று ஒரு வேலை இருக்கிறது. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று நான்கு மலைகளில் நடக்கும் எங்கள் சர்வதேசப் போட்டியில் ஒன்பது வருடமாக அந்த வேலையைப் பார்ப்பவன் நான்.

வேலை பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. சரிவின் உச்சியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். வீரர் காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பலகையில் வந்து உட்காருவார். என் முகத்தைப் பார்த்து "போயிட்டு வர்றேன்" என்பார். "போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பச்சைக் கொடியை இறக்குவேன். சரிவு முழுக்க ஆத்தூர் ஜவ்வரிசி கொட்டியிருக்கும். நல்ல உலர்ந்த ஜவ்வரிசிக்கு ஈடான பனி எந்த நாட்டிலும் கிடையாது என்று வெளிநாட்டுக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாள் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். போன வருடம் ஜப்பானிலிருந்து வந்த ஒருவர் பதற்றத்தில் வெறும் "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டார். தாண்டுவதற்கு முன்பே கீழே வந்து நின்றிருந்தார். தூரம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது மலையான பச்சைமலையில் முதல் சுற்று. முதலிரண்டு மலைகளின் முடிவில் நார்வேக்காரர் ஓட்வார் முதலிடம். இரண்டு புள்ளி பின்னால் அஞ்சுகம். அஞ்சுகம் என் மனைவி.

அன்று காலை ஓட்வார் எங்கள் அறைக்கு வந்து, மெழுகு தேய்ப்பதில் என் கைப்பக்குவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லித் தன் கட்டைகளை நீட்டினார். நான் புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள். மெழுகுவர்த்தியும் விளக்கெண்ணெயும் கலந்து முக்கால் மணி நேரம் தேய்த்துக் கொடுத்தேன். அஞ்சுகத்தின் கட்டைகள் சுவரோரம் சாத்தியபடியே இருந்தன. அவள் அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஊரான் கட்டைக்கெல்லாம் தேய்க்கறதுக்கு உடம்புல தெம்பு இருக்குது. கட்டினவளோடத எடுத்தா மட்டும் கை வலி வந்துருது."

"கேட்டிருந்தா தேய்ச்சிருப்பேன்."

"கேட்டாத்தான் தேய்ப்பீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பதினொன்றரை மணிக்கு அவள் முறை வந்தது. பலகையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த குன்றைப் பார்த்து, "போறேன்" என்றாள். அந்த இடத்தில் நான் கொடியை இறக்கியிருக்கக் கூடாது. திருத்திச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியது என் கடமை. ஒன்பது வருட வேலையில் எத்தனையோ பேரை அப்படித் திருத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கும் வீறாப்பு. வாயைத் திறக்காமல் கொடியை இறக்கினேன்.

அழகாகத்தான் தாண்டினாள். எண்பதாவது மீட்டரில், இரண்டு தென்னை மர உயரத்தில், முன்னால் சாய்ந்து, கட்டைகளை விரித்த வாக்கில் நின்றுவிட்டாள். தூரம் அளப்பவர்கள் நாடாவோடு அவளுக்குக் கீழே ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மீதிப் பேர் அவளுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கித் தாண்டினார்கள்.

நடுவர் குழுத் தலைவி திலகவதி அம்மா என்னைத் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தைக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜவ்வரிசியைக் கூட்டி அள்ளுவார்கள். அதற்குள் இறங்காதவர்களை மலையோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் பிறகு வீட்டுக்கு அழைத்துப்போக முடியாது. கல்வராயன் மலையில் அப்படி எழுதப்பட்ட ஒருவர் இருக்கிறார். கீழ் ஊர்க்காரர்கள் அவர் சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விதைக்கிறார்கள். மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் அவர் வீட்டில் அவருக்கு ஒரு தட்டு சும்மா இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தவளை மலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுப் பூட்டைத் திறப்பேன்?

புதன்கிழமை போட்டிக்கு ஓய்வு நாள். காலையிலேயே ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி உச்சியில் போய் உட்கார்ந்தேன்.

"அஞ்சுகம், தப்பு என்னோடதுதான். வந்துரு."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "எனக்கும்தான் வரணும்னு இருக்குது மாமா. எப்படி வர்றது? போறேன்னு சொல்லிப்புட்டேனே."

கோபம் நேற்றே போய்விட்டது என்பது குரலில் தெரிந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபம் என்றால் கெஞ்சியாவது பார்க்கலாம்.

"இப்ப மாத்திச் சொல்லிப் பாரேன்."

"போயிட்டு வர்றேன்" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. புறப்படும்போது சொல்ல வேண்டியதைப் பாதி வழியில் சொன்னால் செல்லாது. அது எனக்கே தெரியும்.

"பசிக்குதா?"

"இல்ல. காலுதான் மரத்துப் போச்சு. நீங்க சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்று பொய் சொன்னேன். அன்று முழுக்க அங்கேயே எட்டியும் குனிந்தும் பார்த்து உட்கார்ந்திருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை இரண்டாம் சுற்றுக்கு முன்னால் திலகவதி அம்மாவைப் பார்த்துக் கெடுவை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு மைதானத்துக்குக் கிளம்பியவருக்கு வாசல் தகரத்தில் நங்கென்று தலை இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். தடை ஏற்பட்ட புறப்பாடு அத்தோடு ரத்து. எழுந்து, "போயிட்டு வர்றேன் தம்பி" என்று புதிதாகப் புறப்பட்டார். வாசலைத் தாண்டாமல் நின்றார்.

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உக்காரணும். தண்ணி குடிக்கணும்" என்றார். "அவ்வளவுதானே நல்லதம்பி?"

"அவ்வளவுதாங்க அம்மா."

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காற்றில் உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லை. நாற்காலியை யார் கொண்டுபோவது என்பதுதான் பாக்கி. அடுத்துத் தாண்ட வேண்டியவர் ஓட்வார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சொம்பும் என்று கையால் காட்டிச் சொன்னேன். நாற்காலியைத் தூக்கி எடை பார்த்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைக்காமல் தாண்டினால் அழகுக்கான புள்ளிகள் போய்விடும். முதலிடமும் போய்விடும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியை முதுகில் கட்டச் சொன்னார். சொம்பைத் துணியால் மூடி அவர் கையில் கொடுத்தேன்.

பலகையில் உட்கார்ந்து என் முகத்தை நேராகப் பார்த்து, "போயிட்டு வர்றேன் அண்ணா" என்றார். இத்தனை தெளிவாக உள்ளூர்க்காரர்கள்கூடச் சொல்வதில்லை.

எண்பதாவது மீட்டரில் முடிச்சை அவிழ்த்து நாற்காலியை அவளுக்குக் கீழே விட்டார், சொம்பைக் கையில் திணித்தார், தொண்ணூற்று நான்காவது மீட்டரில் இறங்கினார். அவருக்கு மூன்றாம் இடம். கீழேயிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அஞ்சுகம் கட்டைகளைச் சிரமப்பட்டு மடக்கி உட்கார்ந்தாள். "அப்பாடா" என்று அவள் சொன்னது உச்சிவரை கேட்டது. காலை நீவிவிட்டுக்கொண்டாள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். உடனே எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் ஊரை வேடிக்கை பார்த்தாள். மரவள்ளிக் காடுகளும் ஏரியும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். இங்கே எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் பழக்க தோஷத்தில் வேறு எதையாவது சொல்லித் தொலைத்தால் இன்னொரு நாற்காலி கொண்டுபோக ஆள் இல்லை.

நாற்காலியில் இருந்தபடியே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, போயிட்டு வர்றேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். "போயிட்டு வா தாயி" என்று கத்தி, கொடியை இரண்டு கையாலும் இறக்கினேன்.

நூற்று இருபத்தாறு மீட்டர். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர் சிந்தியதற்காக அரைப் புள்ளி குறைத்தார்கள். நான் படிக்கட்டைத் தேடவில்லை. சரிவிலேயே உருண்டும் புரண்டும் இறங்கினேன். அவள் பக்கத்தில் போனதும் ஜவ்வரிசியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிட்டது. இத்தனை நிம்மதியை என் கல்யாணத்தில்கூட நான் கண்டதில்லை.

"எந்திரிங்க, அழுவாதீங்க" என்றாள் அஞ்சுகம். "கண்ணீர் பட்டா ஜவ்வரிசி ஒட்டிக்கும். அப்புறம் பின்னாடி வர்றவங்க எப்படிச் சறுக்குவாங்க?"

என் தலையில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள்.

கொட்டகையில் திலகவதி அம்மா அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார். காற்றில் இருப்பவர்களுக்கு நாள் ஓடாது. அவர்கள் செலவழிக்காத நாட்களை இறங்கியதும் கையில் கொடுத்துவிடுவது நான்கு மலைகளிலும் வழக்கம். அஞ்சுகம் பைக்குள் எட்டிப் பார்த்தாள். செவ்வாய் மதியம், வியாழன் காலை, நடுவில் ஒரு முழுப் புதன்கிழமை, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"சரியா இருக்குதா?" என்று கேட்டார் திலகவதி அம்மா.

"இருக்குதுங்க."

கடைசிச் சுற்று கொல்லிமலையில் ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை வீட்டுக்குப் போய் வரலாம் என்று ஆத்தூர்ப் பேருந்தைப் பிடித்தோம். கழுத்தைத் திருப்ப முடியாததால் நான் உடம்போடு திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க புதன்கிழமைதான் வீணாப் போச்சு. இதை ரெண்டு பேரும் வெச்சுக்கலாம்" என்றாள். நடத்துனர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகரும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகப் பிரித்தாள். பேருந்தில் எல்லோருக்கும் வியாழக்கிழமை மாலை நாலு மணி. எங்கள் இருக்கையில் மட்டும் புதன்கிழமை விடிந்துகொண்டிருந்தது.